போடிமெட்டு ஏறும் பி.எஸ்.6 லாரிகள்: சைலன்சருக்குள் என்ன இருக்கிறது, அதைப் பாதுகாப்பாக சர்வீஸ் செய்வது எப்படி?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் இருந்து மூணாறு செல்லும் கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை 85, போடிமெட்டில் தமிழ்நாட்டைத் தாண்டி கேரளாவின் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைகிறது. முந்தல் அடிவாரத்தில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகின்றன. ஏலக்காய் மூட்டை, காய்கறி, சிமென்ட், எஸ்டேட் சாமான்கள் என எல்லாம் இந்தப் பாதையில்தான் போய் வருகின்றன.

இப்படி ஒரு ஏற்றத்தில், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி திடீரென இழுக்க மறுத்தால்? "சைலன்சர் அடைச்சிருக்கும், கழட்டி தண்ணி அடிச்சிடலாம்" என்பதுதான் பழைய வழக்கம். ஆனால் 2020-க்குப் பிறகு வந்த வண்டிகளில் அந்த வழக்கம் மெக்கானிக்கின் கையைச் சுடலாம், நுரையீரலைக் கெடுக்கலாம், உரிமையாளருக்கு லட்சங்களில் செலவு வைக்கலாம்.

குடும்பத்தில் லாரி வைத்திருப்பவர்கள், போக்குவரத்து நிறுவனங்களில் வண்டிகளை நிர்வகிப்பவர்கள், பணிமனைகளில் வேலை செய்பவர்கள் என எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இங்கே.

2020-இல் என்ன மாறியது?

பி.எஸ்.4 விதிகள் நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. அதன்பின் பி.எஸ்.5-ஐத் தாண்டி நேராக பி.எஸ்.6-க்குச் செல்ல மத்திய அரசு முடிவெடுத்தது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பி.எஸ்.4 வாகனங்களை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது.

கனரக டீசல் இன்ஜின் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு பி.எஸ்.4-இல் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் வரை அனுமதி இருந்தது. பி.எஸ்.6-இல் அது 0.4 கிராமாகக் குறைந்தது. டீசலில் இருக்கும் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய குறைப்பை இன்ஜினை மட்டும் சரிசெய்து எட்ட முடியாது. பி.எஸ்.4 காலத்தில் அசோக் லேலண்ட் போன்ற நிறுவனங்கள் யூரியா தேவைப்படாத இஜிஆர் முறையிலேயே கனரக லாரிகளைத் தந்தன. பி.எஸ்.6-இல் புகைக்குழாயே ஒரு சிறிய வேதியியல் ஆலையாக மாறிவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இன்ஜினில் இருந்து வரும் புகை வரிசையாக மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

முதலாவது, டிஓசி எனப்படும் ஆக்சிஜனேற்ற வினையூக்கி. கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் இது எரித்துவிடுகிறது.

இரண்டாவது, டிபிஎஃப் எனப்படும் துகள் வடிகட்டி. தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு. கரித்துகள் இதன் சுவர்களில் தங்கிவிடும்.

மூன்றாவது, எஸ்சிஆர். நம்ம ஊரில் 'யூரியா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டெஃப் திரவம் (ஆட்ப்ளூ என்பது அதன் ஒரு வணிகப் பெயர்) புகையில் பீய்ச்சப்படுகிறது. வெப்பத்தில் அது அமோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் பிரிக்கிறது.

இவற்றைச் சுற்றி வெப்பநிலை சென்சார்கள், டிபிஎஃப்-க்கு முன்னும் பின்னும் அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார், நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்கள் ஆகியவை இருக்கின்றன. விளக்கு எரிந்தால் இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

மலைப்பாதையில் மட்டும் ஏன் அடிக்கடி பிரச்னை?

டிபிஎஃப்-இல் சேரும் கரி எரிந்து சாம்பலாக வேண்டும். இதற்கு 'ரீஜெனரேஷன்' என்று பெயர். முழு லோடுடன் ஏறும்போது புகை போதிய அளவு சூடாகி, கரி தானாகவே எரியத் தொடங்கும். அப்படி எரியாமல் மிஞ்சினால், வண்டி கூடுதல் டீசலைச் செலுத்தி வடிகட்டியின் வெப்பத்தை சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தி எரிக்கும்.

இறக்கத்தில் கதை வேறு. கியரிலும் எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் வண்டி இறங்கும்போது இன்ஜின் டீசலை எரிப்பதில்லை. புகைக்குழாய் குளிர்ந்துவிடும். பாதியில் இருந்த ரீஜெனரேஷன் நின்றுபோகும்.

எஸ்டேட்டுகளுக்கு இடையே குறைந்த தூரம் ஓடும் வண்டிகள், லோடு இறக்கும்வரை மணிக்கணக்கில் ஐட்லிங்கில் நிற்கும் வண்டிகள் ஆகியவற்றில் கரி இன்னும் வேகமாகச் சேரும். போடிமெட்டு உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 சதவீதம்தான் என்பதும் ஒரு காரணம்.

ரீஜெனரேஷன் செய்யும்போது எங்கே நிறுத்துவது?

நிறுத்திவைத்துச் செய்யும் ரீஜெனரேஷனில் புகைக்குழாய் முனையில் வரும் காற்று பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். சருகு பற்றிக்கொள்ள இது தாராளம்.

போடி அருகே குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் தேதி பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் தீக்கும் லாரிகளுக்கும் தொடர்பில்லை. ஆனால் கோடையில் இந்த மலைகளின் புல் எவ்வளவு காய்ந்திருக்கும், தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை அது காட்டியது.

எனவே சாலையோரப் புல்மேடு, சருகு, சாக்கு, தார்ப்பாய், டீசல் கேன் அருகே ரீஜெனரேஷன் செய்யவே கூடாது. தார் அல்லது மண் தரையில், நாலாபுறமும் பல மீட்டர் வெறுமையாக உள்ள இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பொருத்தமான இடம் கிடைக்கும்வரை ரீஜெனரேஷனைத் தள்ளிவைக்க பல வண்டிகளில் தனி சுவிட்ச் உண்டு. ஆனால் அதை நிரந்தரமாக அழுத்தியே வைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

மழை, மூடுபனி என்று ஷட்டரை இறக்கிவிட்டு ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட்டுவது இன்னும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும்.

கழற்றுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஸ்கேனர், அப்புறம்தான் ஸ்பேனர். டிபிஎஃப் தானாக அடைப்பதில்லை. ஒழுகும் இன்ஜெக்டர், ஆயில் கசியும் டர்போ, சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு, பிளந்துபோன ஏர் ஹோஸ் என்று மூலக்காரணம் வேறெங்காவது இருக்கும். அதை விட்டுவிட்டு வடிகட்டியை மட்டும் சுத்தம் செய்தால், அடுத்த சில வாரங்களில் அதே விளக்கு மறுபடியும் எரியும்.

காரணம் உறுதியான பிறகு கவனிக்க வேண்டியவை:

1. ஆற விடுங்கள். இன்ஜின் நின்ற பிறகும் வடிகட்டி நெடுநேரம் சூடாகவே இருக்கும். வெளித்தகடு ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே பீங்கான் கொதித்துக்கொண்டிருக்கும். வெப்பமானியால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

2. சாவியை அணைத்த உடனே பேட்டரியைத் துண்டிக்காதீர்கள். டெஃப் பம்ப் குழாய்களில் இருக்கும் திரவத்தைத் தொட்டிக்குத் திரும்ப இழுக்க சில நிமிடங்கள் ஆகும். முன்பே துண்டித்தால் திரவம் குழாயிலேயே தங்கி, வெள்ளை உப்பாக உறைந்து அடைத்துவிடும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

3. டெஃப் குழாயிலும், டோசிங் இன்ஜெக்டரைக் குளிர்விக்கும் கூலன்ட் குழாயிலும் அழுத்தம் இருக்கலாம். இணைப்பை மெதுவாகத் தளர்த்துங்கள். கண்ணாடி கட்டாயம்.

4. பல கனரக வண்டிகளில் மூன்று கட்டங்களும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். எடை நூறு கிலோவைத் தாண்டும். "நாலு பேர் பிடிச்சா இறக்கிடலாம்" என்று எண்ணாமல் ஜாக் அல்லது லிஃப்ட் பயன்படுத்துங்கள். சரிவான சாலையில் வண்டியை நிறுத்தி இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

5. சென்சார்களைக் கீழே போடக் கூடாது. உள்ளே பீங்கான் இருப்பதால், வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே உடைந்துவிடும்.

அந்தக் கரியில் என்ன இருக்கிறது?

டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை ஏற்படுத்தும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் வகைப்படுத்தியது. புகையிலை, கல்நார் ஆகியவை இருக்கும் அதே முதல் பிரிவில்தான் டீசல் புகையும் இருக்கிறது.

டிபிஎஃப்-இல் சேர்வது அந்தப் புகையின் கரியும், இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் சாம்பலும்தான். கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. அதனால்தான் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. சில எஸ்சிஆர் வினையூக்கிகளில் வனேடியம் இருக்கும். வடிகட்டியைச் சுற்றியுள்ள மேட்டில் நுண்ணிய இழைகள் இருக்கும்.

இதை ஏர் ஹோஸால் திறந்த வெளியில் ஊதுவது மிகவும் தவறு. மெக்கானிக்கும், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவரும் அதைச் சுவாசிப்பார்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. என்95 அல்லது அதற்கு மேற்பட்ட தர முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். சிந்திய தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அழுக்குச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, சுத்தியலால் தட்டுவது ஆகிய இரண்டுமே பீங்கானை உடைக்கும். பெட்ரோல், தின்னர் ஊற்றிக் கழுவுவது அதைவிட மோசம். உள்ளே தங்கிய மிச்சம் அடுத்த ரீஜெனரேஷனில் தீப்பற்றும். மூடிய பெட்டிக்குள் சூடேற்றி, தூளை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் உள்ள மையத்துக்கு அனுப்புவதே சரியான வழி.

டெஃப்: மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா?

கூடாது. டெஃப் என்பது 32.5 சதவீதம் தூய யூரியாவும், கனிமம் நீக்கிய நீரும் கலந்தது. தோட்டத்துக்கு வரும் யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்பட்டே விற்கப்படுகிறது. அந்த எண்ணெயும் மற்ற கலப்புகளும் டோசிங் இன்ஜெக்டரையும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். மானிய உரத்தை விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதமும்கூட.

டெஃப் வெயிலில் கெடும். 25 டிகிரியில் சுமார் ஒன்றரை ஆண்டு தாங்கும் திரவம், 35 டிகிரியில் சுமார் ஆறு மாதம்தான் தாங்கும். எனவே கேனை மலை மேலோ கீழேயோ எங்கு வைத்தாலும் நிழலில் வையுங்கள். பித்தளை, செம்பு பாத்திரங்களிலோ டீசல் ஊற்றிய புனலிலோ ஊற்ற வேண்டாம். தவறுதலாக டீசல் டேங்கில் டெஃப் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் டேங்கைக் காலி செய்ய வேண்டும்.

டெஃப் தீர்ந்தாலோ தரமற்றதாக இருந்தாலோ வண்டி முதலில் எச்சரிக்கும். பிறகு இழுவிசையை 25 சதவீதம் குறைக்கும். கடைசியில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தைத் தாண்ட விடாது. கொண்டை ஊசி வளைவில் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது இதைக் கண்டுபிடிப்பதைவிட, முந்தலில் ஏறும் முன் டெஃப் மீட்டரைப் பார்ப்பது நல்லது.

யூரியா இல்லாமல் லாரி இல்லை என்பதை ஒரு நாடே உணர்ந்த கதையும் உண்டு. 2021 இறுதியில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, தென் கொரியாவில் லாரிப் போக்குவரத்தே முடங்கும் நிலை வந்தது.

'கட்' பண்ணிவிட்டால் தொல்லை தீருமா?

டிபிஎஃப்-ஐ வெட்டி எடுப்பது, எஸ்சிஆர்-ஐ ஏமாற்றும் கருவி பொருத்துவது போன்ற வேலைகளுக்கு ஆள் கிடைப்பதுண்டு. "மைலேஜ் கூடும், விளக்கே எரியாது" என்பார்கள்.

சட்டம் அதை அனுமதிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும்.

மறுபடி பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேஸ்கட்டும் கிளாம்ப்பும் புதிதாக இருக்கட்டும். பழைய கேஸ்கட் கசிந்தால் சென்சார்கள் தவறாக அளக்கும், சூடான புகை ஒயரிங்கை உருக்கும். அம்புக்குறி பார்த்து வடிகட்டியின் திசையைச் சரிபாருங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் முடுக்குங்கள்.

உண்மையில் சுத்தம் செய்திருந்தால் மட்டுமே சாம்பல் கணக்கை ஸ்கேனரில் பூஜ்யமாக்க வேண்டும். சுத்தம் செய்யாமல் ரீசெட் அடித்தால், வடிகட்டி காலியாக இருப்பதாக வண்டி நம்பும். கரி அளவுக்கு மீறிச் சேர்ந்து, ஒரே நேரத்தில் எரிந்து பீங்கானை உருக்கிவிடும். இன்ஜின் ஆயிலும் நிறுவனம் சொல்லும் குறை-சாம்பல் வகையாகவே இருக்க வேண்டும்.

அடிபட்டால் உடனே என்ன செய்வது?

சூடு பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேஸ்ட், மாவு, கிரீஸ் எதையும் தடவ வேண்டாம். டெஃப் கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீரால் கழுவுங்கள். ஷெட்டுக்குள் யாராவது மயங்கினால், முதலில் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதால், அழைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

யார் எதைச் செய்யலாம்?

டெஃப் நிரப்புவது, விளக்கைக் கவனிப்பது, பாதுகாப்பான இடத்தில் ரீஜெனரேஷன் செய்வது ஆகியவை ஓட்டுநரின் வேலை. சென்சார், ஹோஸ், கசிவு ஆகியவற்றைச் சோதிப்பதை ஸ்கேனரும் பயிற்சியும் உள்ள உள்ளூர் மெக்கானிக் செய்யலாம். வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்வது அதற்கான இயந்திரம் உள்ள மையத்தின் வேலை.

உரிமையாளருக்கும் ஒரு வேலை உண்டு. முகமூடி, கையுறை, ஸ்கேனர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை பில்லில் குறைக்கச் சொல்லாமல் இருப்பது.