புகைக்குள் மான் வேட்டை

காட்டுத்தீ என்றதும் மான்கள் கண்மண் தெரியாமல் சிதறி ஓடும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1942-ல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'பாம்பி' திரைப்படத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்தப் படத்தில் வேட்டைக்காரர்களின் முகாமில் கிளம்பும் நெருப்புதான் காட்டையே எரிக்கிறது. வேட்டைக்காரன், தீ இரண்டுமே மானுக்கு எதிரி என்பதுதான் படம் சொல்லும் செய்தி.

ஆனால் வட அமெரிக்காவின் வரலாறு இவ்வளவு எளிமையானது அல்ல. அங்கே பல நூற்றாண்டுகளாகப் புகை வேட்டைக்காரனின் கருவியாக இருந்தது. பிறகு அதுவே குற்றமாக்கப்பட்டது. கடைசியில் வேட்டைக்காரனையே காட்டுக்குள் விடாமல் தடுக்கும் சுவராக அது மாறிவிட்டது. இந்த மூன்று கட்டங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

நெருப்பு வளையம்

1607-ல் ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியிருப்பை அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித், அங்கு வாழ்ந்த போவ்ஹாடன் மக்களின் மான் வேட்டையை 1612-ல் வெளியான தன் நூலில் விவரித்திருக்கிறார். இருநூறு முந்நூறு பேர் சேர்ந்து போவார்கள். மான் கூட்டம் இருக்கும் இடம் தெரிந்ததும் அதைச் சுற்றிப் பல இடங்களில் தீ மூட்டுவார்கள். ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் இடையில் ஆட்கள் நிற்பார்கள். வளையத்துக்கு நடுவிலும் சிலர் வில்லோடு காத்திருப்பார்கள்.

நெருப்பையும் கூச்சலையும் கண்டு மிரளும் மான்கள் வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடும். இப்படி ஒரே வேட்டையில் 6 முதல் 15 மான்கள் வரை கிடைக்குமாம். மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்த நிலமாக இருந்தால் இன்னும் வசதி. மான்களைத் தண்ணீருக்குள் விரட்டி, அங்கே தயாராக இருக்கும் தோணிகளிலிருந்து கொல்வார்கள்.

துப்பாக்கி இல்லாத காலம் அது. அம்பு பாய வேண்டுமானால் மான் அருகில் வர வேண்டும். மானுக்கோ மூக்கும் காதும் மிகக் கூர்மை. அதைத் தேடிப் போவதைவிட, தான் நிற்கும் இடத்துக்கு அதை வரவழைப்பதே புத்திசாலித்தனம். அந்த வேலையைத் தீயும் புகையும் செய்தன. கிடைத்த மானில் எதுவும் வீணாகவில்லை. இறைச்சி உணவானது, தோல் உடையானது, நரம்பு கயிறானது, எலும்பும் கொம்பும் கருவிகளாயின.

எரித்த இடத்தில் துளிர்

மானை விரட்டுவது தீயின் ஒரு பயன் மட்டுமே. மானை வரவழைப்பது அதைவிட முக்கியமான பயன். தரையோடு தவழ்ந்து போகும் சிறு தீ, காய்ந்த சருகையும் புதரையும் எரித்துவிடும். பெரிய மரங்கள் தப்பிவிடும். அதன்பின் அங்கே இளம்புல்லும் துளிரும் முளைக்கும். மானுக்கு அதுதான் நல்ல தீனி. நியூ இங்கிலாந்து பகுதி மக்கள் ஆண்டுக்கு இருமுறை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும், காட்டை எரித்ததாகத் தாமஸ் மோர்ட்டன் 1637-ல் எழுதினார். அப்படி எரிக்காவிட்டால் நடக்கவே முடியாதபடி புதர் மண்டிவிடும் என்றும் அவர் குறிப்பிட்டார்.

மேற்குக் கரையிலும் இதே கதைதான். வட கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றங்கரையில் வாழும் கரூக், யூரோக் மக்களுக்குத் தீ என்பது விவசாயி கையில் இருக்கும் மண்வெட்டி மாதிரி. ஓக் மரக் கொட்டைகளில் பூச்சி விழாமல் இருக்க, கூடை முடையும் குச்சிகள் நேராக வளர, மான் மேய வர என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீ உண்டு. கோடையில் புகை ஆற்றைக் குளிர வைக்கும், அது சால்மன் மீன்களுக்கு நல்லது என்பதும் கரூக் மக்களின் அறிவு. புகை வெயிலைத் தடுப்பதால் கிளாமத் பகுதி ஆறுகளின் வெப்பம் குறைகிறது என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது.

புகை குற்றமானது

புதிதாக வந்தவர்களுக்கு இந்தத் தீ காட்டுமிராண்டித்தனமாகத் தெரிந்தது. அவர்களுக்கு மாடுகளுக்கான மேய்ச்சல் நிலமும் விற்பதற்கான மரமும் வேண்டியிருந்தன. 1793-ல் கலிபோர்னியாவின் ஸ்பானிய ஆளுநர் அரியாகா, பூர்வகுடிகள் நிலத்தை எரிக்கத் தடை விதித்தார். அமெரிக்கா கைப்பற்றிய பிறகு, 1850-ல் கலிபோர்னியா இயற்றிய 'இந்தியர்களின் ஆளுகை மற்றும் பாதுகாப்புச் சட்டம்' புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அதே சட்டம்தான் பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்லவும் வழி செய்தது. பெயரில் மட்டும்தான் பாதுகாப்பு!

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா, வாஷிங்டன் மாநிலங்களில் பெருந்தீ மூண்டது. இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. குறைந்தது 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். அப்போது அமெரிக்க வனத்துறை தொடங்கி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. எல்லாத் தீயையும் அணைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் அதற்குப் பிறகு வலுவடைந்தது. 1918-ல் கிளாமத் பகுதி வன அலுவலர் ஒருவர், தீ வைப்பவர்களைக் கண்ட இடத்தில் சுடுவதே வழி என்று கடிதமே எழுதினார். 1935-ல், எந்தத் தீயாக இருந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது.

1944-ல் தீத்தடுப்புப் பிரசாரத்துக்காகப் பாம்பியை ஓராண்டுக்கு மட்டும் பயன்படுத்த டிஸ்னி அனுமதி கொடுத்தது. அதன்பின் அந்த இடத்துக்கு வந்ததுதான் புகழ்பெற்ற 'ஸ்மோக்கி' கரடி. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் கற்றது ஒன்றே: தீ என்றால் தீமை.

பெரும்புகை

சிறு தீ நின்றதும் காட்டில் சருகும் புதரும் இளமரமும் சேர்ந்துகொண்டே போயின. மானுக்குத் துளிர் குறைந்தது, தீக்கு விறகு கூடியது. வனத்துறை 1978-ல் காலை 10 மணி விதியைக் கைவிட்டது. ஆனால் அதற்குள் பல பத்தாண்டுகளின் விறகு சேர்ந்திருந்தது. அதோடு வறட்சியும் புவி வெப்பமும் சேர்ந்தன.

2020 ஆகஸ்டில் மழையில்லா மின்னல் வட கலிபோர்னியாவில் மூட்டிய தீக்கள் ஒன்றுசேர்ந்து 10 லட்சம் ஏக்கரைத் தாண்டின. செப்டம்பர் 8 அன்று கிளம்பிய ஸ்லேட்டர் தீ, கரூக் மக்களின் ஊரான ஹேப்பி கேம்ப்பில் ஏறத்தாழ 200 வீடுகளை அழித்தது. இருவர் இறந்தனர். மறுநாள் சான் பிரான்சிஸ்கோவின் வானம் பகலிலேயே ஆரஞ்சு நிறமானது. அதே நாளில் கலிபோர்னியாவின் 18 தேசியக் காடுகளும் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. மான் வேட்டைப் பருவம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அனுமதிச் சீட்டு கையில் இருந்தும் வேட்டைக்காரர்களால் உள்ளே போக முடியவில்லை.

காடு மூடப்படாத இடங்களிலும் அடர்புகையில் வேட்டை லேசானதல்ல. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி இருந்தும் பயனில்லை, எதிர்மலை தெரியாது. நிழலாகத் தெரிவது மானா மனிதனா என்று உறுதியாகாமல் சுடவும் கூடாது. மலை ஏறும்போது மூச்சு வாங்க வாங்க நுண்துகள்கள் நுரையீரலுக்குள் போகும்.

மான்கள் என்ன செய்கின்றன? 2018-ல் கலிபோர்னியாவின் மென்டோசினோ தீயின்போது ஹாப்லாண்ட் ஆய்வு மையத்தில் சில கருவால் மான்களின் கழுத்தில் இருப்பிடம் காட்டும் பட்டைகள் இருந்தன. கவனிக்கப்பட்ட 18 மான்களும் பிழைத்தன. தீக்கு ஓடியவற்றில் பெரும்பாலானவை சில மணி நேரத்திலேயே, மரங்கள் புகைந்துகொண்டிருக்கும்போதே, தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன! தின்ன ஒன்றும் இல்லாததால் சில மெலிந்துபோயின. ஆனாலும் இடத்தை விடவில்லை.

மான்கள் மட்டுமல்ல, கரூக் மக்களும் தங்கள் இடத்தை விடவில்லை. பழங்குடியினர் மரபுப்படி தீயிடுவதற்கு வழிவிடும் சட்டத்தைக் கலிபோர்னியா 2024-ல் இயற்றியது. அதன்கீழ் மாநில அரசுடன் முதல் ஒப்பந்தம் செய்தவர்கள் கரூக் மக்கள்தான். அது நடந்தது 2025-ல்.

புகையே இல்லாத காடு என்று ஒன்று அங்கே என்றுமே இருந்ததில்லை. மனிதன் நாள் பார்த்து மூட்டும் சிறு புகையா, தானாக வந்து ஊரையே மூடும் பெரும்புகையா என்பதுதான் கேள்வி. அதற்கான விடை 1850-ல் சட்டம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. வில்லோடு வளையத்துக்குள் காத்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.