ஷட்டர் ஸ்பிரிங்

ஷட்டர் ஸ்பிரிங் என்பது கடை, பட்டறை, கிடங்கு ஆகியவற்றின் சுருள் கதவைத் தாங்கும் எஃகுச் சுருள். 8 சதுர மீட்டர் இரும்பு ஷட்டர் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். கொக்கிக் கம்பியால் ஒரே ஆள் அதை ஏற்றி இறக்க முடிவது இந்த ஸ்பிரிங்கால்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்கள், காக்களூர் தொழிற்பேட்டை, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையோரக் கிடங்குகள் என எங்கும் அன்றாடம் இயங்கும் உறுப்பு இது.

அமைப்பும் வகைகளும்

சாதாரண ஷட்டரில், மேலே இரு பிராக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு பைப் அசையாமல் நிற்கும். ஸ்பிரிங்கின் உள்முனை பைப்போடும், வெளிமுனை ஷட்டர் சுற்றும் புல்லியோடும் பிணைக்கப்பட்டிருக்கும். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. தூக்கும்போது அந்த முறுக்கு தளர்ந்து எடையை ஏந்துகிறது. ஷட்டர் மேலேற ஏறத் தொங்கும் எடை குறையும், முறுக்கும் குறையும். இந்த இரண்டும் ஒத்துப்போவதே நல்ல ஷட்டருக்கு இலக்கணம்.

சுருள் ஷட்டருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6248. கையால் தூக்கும் வகை பால் பேரிங் இல்லாமல் 8 சதுர மீட்டர் வரையும், பேரிங்குடன் 12 சதுர மீட்டர் வரையும் ஏற்றது என்கிறது அது. அதைவிடப் பெரியவற்றுக்குக் கியர், சங்கிலி அல்லது மோட்டார் வேண்டும். லாரி நிறுத்திச் சரக்கு இறக்கும் கிடங்கு வாசல்களில், பலகை பலகையாக மடிந்து ஏறும் கதவுகளும் உண்டு. அவற்றை மேலே உள்ள தண்டில் கோத்த முறுக்கு ஸ்பிரிங் இரும்புக் கயிறு வழியாக ஏந்துகிறது.

தேய்மானம்

ஸ்பிரிங்கின் ஆயுளைத் திறந்து மூடும் தடவைகளால்தான் கணக்கிட வேண்டும். வழக்கமான முறுக்கு ஸ்பிரிங் சுமார் 10,000 தடவைக்கு என வடிவமைக்கப்படுகிறது. நாளுக்கு 4 தடவை இயங்கும் கதவில் அது ஆறேழு ஆண்டு உழைக்கும். 40 தடவை இயங்கும் சரக்கு வாசலில் 250 நாளிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் சூழலும் ஆயுளைக் குறைக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும் இருப்பதால் காற்றில் உப்பு உண்டு. உருக்காலைகளையும் ரோலிங் மில்களையும் ஒட்டிய இடங்களில் இரும்புத்தூள் படிகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஈரம் சேர்ந்தால் எஃகின் மேற்பரப்பில் துருக்குழி விழும். ஒவ்வொரு முறுக்கிலும் அந்தக் குழியிலிருந்து மயிரிழை விரிசல் வளர்ந்து, ஒருநாள் பலத்த சத்தத்தோடு ஸ்பிரிங் ஒடிகிறது.

பராமரிப்பு

எளிய சோதனை ஒன்று போதும். ஷட்டரைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, கையை மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அங்கேயே நின்றால் டென்ஷன் சரி. தானாக இறங்கினால் தளர்வு. மேலே பாய்ந்தால் அதிகம். மோட்டாருடன் ஸ்பிரிங்கும் உள்ள கதவில் மோட்டாரை விடுவித்துவிட்டுச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் சோர்வை மோட்டார் மறைத்து, அதன் கியரும் தேய்ந்துபோகும்.

செப்டம்பரில், மழைக்கு முன்பே, துருவைத் துடைத்து ஸ்பிரிங்குக்கு மெல்லிய எண்ணெய் இட வேண்டும். ஷட்டரின் பட்டைகள் ஓடும் கைடு சேனலில் கிரீஸ் பூசக் கூடாது. தூசி அதில் ஒட்டிப் பசையாகி, பட்டைகள் சிக்கும். சேனலைத் துலக்கி வைத்தாலே போதும். பிராக்கெட் போல்ட்டு, பேரிங், பட்டைகளின் ஓரம் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மாற்றுதல்

கைஷட்டரில் முழுவதும் மேலே சுற்றி, நழுவாமல் சங்கிலியால் கட்டிய பிறகே வேலை தொடங்கும். அந்த நிலையிலும் ஸ்பிரிங்கில் முறுக்கு மிஞ்சியிருக்கும். ஆகவே பைப் ரெஞ்சால் பைப்பை இறுக்கிப் பிடித்து, சுற்றுகளை எண்ணியபடி மெதுவாகத் தளர்த்துவார்கள். பலகைக் கதவில் வேலை கதவை இறக்கிய நிலையில் நடக்கும்; அப்போது முறுக்கு உச்சத்தில் இருக்கும். அதற்குரிய முறுக்குக் கம்பிகள் இரண்டை மாற்றி மாற்றிச் செருகியே தளர்த்த வேண்டும். அவற்றுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி, அது வழுக்கினால் கையும் முகமும் தப்பாது.

புதியது பழையதன் அளவிலேயே இருக்க வேண்டும். முறுக்கு ஸ்பிரிங்கில் 20 சுற்றை நெருக்கி அளந்து 20ஆல் வகுத்தால் கம்பித் தடிமன் கிடைக்கும். உள்விட்டம், நீளம், இடமுறுக்கா வலமுறுக்கா என்பவையும் தேவை. முறுக்கு ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் மாறுவதால், சிறு வித்தியாசமும் கதவின் சமநிலையைக் கெடுக்கும். இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று ஒடிந்தால் இரண்டையும் மாற்றுவதே முறை. மற்றதும் அத்தனை தடவை உழைத்துக் களைத்ததே.

பாதுகாப்பு

ஸ்பிரிங் ஒடிந்த கதவின் முழு எடையும் தூக்குபவர் தலையில் விழும். காவலாளியையோ சுமைத் தொழிலாளியையோ கூட்டிவைத்து அதைத் தூக்கச் சொல்வது உயிரோடு விளையாடுவதாகும். கதவை அசைக்காமல் விட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, எச்சரிக்கைப் பலகை மாட்டி, பழகிய ஷட்டர் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். போட்ட தேதி, கம்பித் தடிமன், கொடுத்த சுற்று, நாளொன்றுக்குத் திறக்கும் தடவை ஆகியவற்றைப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஸ்பிரிங்கை அது ஒடிவதற்கு முன்பே மாற்றிவிடலாம்.