கோட்டுக்கு மேலே

கல்லில் உளி வைத்துப் பார்க்கவேண்டும் என்கிற ஆசை எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றில், புதிதாகக் கற்க வந்திருந்த பையன்களோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். யானை, தாமரை என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனவன் முன்னால் ஸ்தபதி ஒரு கருங்கல் துண்டைப் போட்டார். செங்காவியில் ஒரு கோடு கிழித்து, "ஐயா, கோட்டுக்கு மேலே இருக்கிறதை எடுத்துடுங்க, சமமா வந்தாப் போதும்" என்றார்.

சமமாக வந்தால் போதுமாம்! காலை முழுவதும் தட்டியும் உள்ளங்கையளவு இடம் மட்டமாகவில்லை. உளி மழுங்கியதுதான் மிச்சம். பட்டறை மூலையில் ஒருவர் ஓயாமல் உளிகளை உலையில் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பொறுமையிழந்து ஓங்கி அடித்தேன். கோட்டுக்குக் கீழேயும் ஒரு சில்லு தெறித்தது. ஸ்தபதி கோபிக்கவில்லை. இன்னும் கீழே வேறு கோடு கிழித்தார். ஒரு சில்லுக்காகக் கல் முழுவதையும் இறக்கவேண்டும்!

மாலையில், பல்லவர் காலத்தில் பாதியில் நின்றுபோன குகைகளைப் போய்ப் பார்த்தேன். பாறை முகத்தைக் கட்டம் கட்டமாக ஆழக் கீறி, நடுவில் நிற்கும் மேடுகளைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். இதே வேலையை மலையளவில் செய்திருக்கிறார்கள்.

மறுநாள் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. சுற்றிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு சன்னதிகள். திரும்பிய இடமெல்லாம் சிங்கத் தூண்கள். இவ்வளவு உருவங்களை இவ்வளவு நெருக்கமாக எப்படிச் செதுக்கினார்கள்? நேற்றுப் பட்ட கைக்கு விடை தெரிந்தது: இது மணற்கல், உளிக்கு இணங்கும். ஆனால் மழைக்கும் இணங்குகிறதே! பல சிங்கங்களுக்கு முகம் கரைந்துவிட்டது. பிற்காலத்தார் சுதை பூசி மூடியிருக்கிறார்கள். அந்தப் பூச்சைக் கண்டு முன்பெல்லாம் எரிச்சல்படுவேன். ஆனால் 1931-இல் ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே பல்லவர் ஓவியங்களைக் கண்டுபிடித்ததும் அப்படிப்பட்ட பூச்சுக்கு அடியில்தான்.

ராஜசிம்மனுக்கு இது தெரியாதா? கடற்கரைக் கோயிலைக் கருங்கல்லில் கட்டியவனும் அவனேதான். இங்கேயும் தண்ணீர் நிற்கிற, பாரம் தாங்குகிற அடிவரிசைக்குக் கருங்கல்லைத்தான் வைத்திருக்கிறான். மேலே உள்ளது கரையும் என்று தெரிந்தே சிங்கங்களைக் கேட்டிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் கல் துண்டு வீட்டுத் துவைகல் பக்கத்தில் கிடக்கிறது. போன ஐப்பசி மழை முழுவதும் அதன்மேல் பெய்தது. நான் தெறிக்கவிட்ட பள்ளம் அப்படியே இருக்கிறது.