ஞாயிறு மறையுரை

கத்தோலிக்கத் திருப்பலியில் நற்செய்தி வாசகத்தை அடுத்து அருள்பணியாளரோ திருத்தொண்டரோ ஆற்றும் விளக்கவுரை. சீர்திருத்தச் சபைகளில் இதைப் பிரசங்கம் என்பர். மரபு மிகப் பழையது: இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் புனித யுஸ்தீன், ஞாயிறன்று திருநூல் வாசித்தபின் கூட்டத் தலைவர் அறிவுரை கூறியதைப் பதிவு செய்துள்ளார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு (1963) மறையுரையை வழிபாட்டின் பகுதியாகவே அறிவித்தது. தக்க காரணமின்றி ஞாயிறுகளில் அதை விட்டுவிடக் கூடாது. 1969இல் வந்த வாசக நூல் மூன்றாண்டுச் சுழற்சி கொண்டது: முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா.

மாற்கு சுருக்கமான நூல் என்பதால், இரண்டாம் ஆண்டில் பொதுக்காலத்தின் 17 முதல் 21 வரையான ஞாயிறுகளில் யோவான் 6ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. 17ஆம் ஞாயிறின் முதல் வாசகத்தில் எலிசா 20 வாற்கோதுமை அப்பங்களால் 100 பேரைப் பசியாற்றுகிறார். நற்செய்தியில் சிறுவனின் 5 அப்பங்களும் 2 மீன்களும் 5,000 பேருக்குப் போதுமாகின்றன. இரண்டிலும் மீதி எஞ்சுகிறது. இப்படி இரு ஏற்பாடுகளையும் இணைத்துக் காட்டுவதே நல்ல மறையுரையின் முதல் பணி; வாசகத்தைத் தொடாத அறிவுரை, எவ்வளவு உருக்கமானாலும், மறையுரை ஆகாது.