பினாங்குத் தீவும் பெர்மிட்டும்

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் தொடங்கி இராமநாதபுரக் கடலோரம் ஈறாக உள்ள நம் ஊர்களில், 'சபுராளி' என்னும் சொல்லைக் கேளாத செவி இராது. கடல் கடந்து பொருளீட்டச் சென்ற குடும்பத் தலைவனை அச்சொல் குறிக்கும். அவன் போன கரை பெரும்பாலும் பினாங்கு. அத்தீவின் வாயில் எவ்வாறு திறந்து கிடந்தது, எவ்வாறு சிறுகச் சிறுகச் சாத்தப்பட்டது என்பதை ஈண்டு நோக்குவோம்.

1786 ஆகஸ்டு 11இல் பிரான்சிஸ் லைட் அத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக்கினார். அந்நாளில் அது பெரும்பாலும் காடு. காட்டைத் திருத்துவோர்க்கே நிலம் என்று அவர் அறிவித்தார். பீரங்கியில் வெள்ளிக் காசுகளை இட்டுக் காட்டுக்குள் சுட்டு, அவற்றைத் தேடும் ஆசையால் மரம் வெட்டச் செய்தார் என்றொரு கதையும் வழங்குகிறது; கதை மெய்யோ பொய்யோ, ஆள் வரவேண்டும் என்னும் அவருடைய வேட்கை மெய். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொணர்ந்ததாக அவரே எழுதி வைத்தார். 'சூலியா' எனப் பெயர் பெற்ற நம்மவர்க்குத் தனித் தெரு உண்டாயிற்று. 1801இல் பள்ளிவாசலுக்கு நிலமும் கிடைத்தது. கப்பித்தான் கெலிங் காதர் முகைதீனின் பெயரோடு அப்பள்ளி இன்றும் நிற்கிறது.

ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்த நிலை பெரிதும் மாறவில்லை. 1933இல் அந்நியர் சட்டம் வந்தபோதும் அது சீனரையே தாக்கிற்று. இந்தியர் பிரிட்டிஷ் பிரஜைகளாதலால் 'அந்நியர்' ஆகவில்லை. அடிமைத்தனம் தந்த சலுகை என்று இதனைச் சொல்லலாமோ என்னவோ! 1938இல் இந்திய அரசே தோட்டத் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்திய பின்னும், வணிகர் செல்வதற்குத் தடையில்லை. 'ரஜூலா' போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி போய், ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் சில நாள் கழித்தால், அப்பால் கடைத்தெரு.

இதனோடு ஒரு வாழ்க்கை முறையும் வளர்ந்தது. தமையன் இரண்டு மூன்று ஆண்டு கடையைப் பார்ப்பான். பிறகு தம்பி வந்து பொறுப்பேற்பான். தமையன் ஊர் திரும்புவான். மனைவி சொந்த ஊரிலேயே இருப்பாள். மகன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டியதும் தந்தையின் கடையில் தொழில் பழக அழைக்கப்படுவான்.

இம்முறையின் வேரையே அறுத்தது 1953 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம். வணிகத்தையும் தொழிலையும் வளர்க்கத்தக்கவர், உள்நாட்டில் கிடைக்காத திறமையுடையவர், உள்ளூர்வாசிகளின் குடும்பத்தார், சிறப்பிரக்கத்துக்குரியோர் ஆகியோர்க்கே புதிதாக இடம் உண்டு என்றது அது. கடைச் சிற்றாளுக்கு இவற்றுள் எவ்வகை பொருந்தும்?

குடும்பத்தார் என்ற வழியேனும் எஞ்சியிருந்தது. 1959இல் அதுவும் குறுகிற்று. 1954 இறுதிக்குப்பின் தொடர்ந்து ஐந்தாண்டு கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு நுழைவில்லை; ஆறு வயதைக் கடந்த பிள்ளைக்கும் இல்லை என்று விதி வகுத்தனர். குடியேறுவோர் தொகையைக் குறைக்க எண்ணிய அரசுக்கு அது வெறும் எண்கணக்கு. புதிதாக விடுதலை பெற்ற நாடு தன் மக்களின் வேலைவாய்ப்பைக் காப்பதில் தவறும் காண இயலாது. ஆயினும், கணவனுக்காகக் காத்திருந்த ஆண்டுகளே மனைவிக்கு எதிரான சான்றாகிவிட்ட கொடுமையை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. சீனருள்ளும் இவ்விதியால் வருந்தியோர் உண்டு. எனினும் பிரிந்து வாழ்தலையே வழக்கமாகக் கொண்டிருந்த நம்மவர்க்கு அது தலையிலேயே விழுந்த இடி.

குடியுரிமை பெற்றவர் நிலைத்தனர். பெறாதவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களையும் பெர்மிட்டுக்குக் காத்து நிற்கச் செய்தது. மறு ஆண்டுக் கலவரத்துக்குப்பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரவர் ஊர் திரும்பினர். 'ரஜூலா' 1973இல் ஓய்ந்தது. அதன் இடத்தில் ஓடிய 'சிதம்பரம்' 1985இல் தீப்பற்றியதோடு கப்பல் வழியும் முடிவுற்றது.

இன்று பினாங்கில் குடியேற விரும்பும் வேற்று நாட்டவர்க்கு 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' என்னும் திட்டம் உள்ளது. 2002இல் அப்பெயர் பெற்றது. வங்கியில் பெருந்தொகையை வைப்பாகக் காட்ட வல்லார், மனைவி மக்களோடு நெடுநாள் தங்கலாம். நாசி கண்டார் கடைகளில் உழைக்கத் தமிழகத்திலிருந்து செல்லும் இளைஞருக்கோ தற்காலிக வேலைப் பெர்மிட்டுதான். மனைவியை அழைத்துக்கொள்ள அதில் இடமில்லை.