ராணுவ அதிகாரிக்கு கோர்ட் மார்ஷல்: மனைவி கதி என்ன?

நெல்லியாளம்:-

குன்னூர் வெலிங்டனில் பட்டாளம் இருப்பதால் நீலகிரி மலையில் 'கோர்ட் மார்ஷல்' என்ற பேச்சு புதுசு இல்லை. புருஷன் மாட்டினால் பொண்டாட்டியையும் கூண்டில் ஏற்றுவார்களா?

மாட்டார்கள். 1950-ம் ஆண்டு ராணுவ சட்டம் பட்டாளத்துக்காரர்களுக்குத்தான். வீட்டில் இருக்கும் மனைவியை சாட்சியாக கூப்பிடலாம், அவ்வளவுதான். அவரும் ராணுவ அதிகாரி என்றால் கதையே வேறு.

5 அதிகாரிகள்

அதிகாரியை விசாரிக்கும் ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்காருவார்கள். வெளி வக்கீல் வைத்துக் கொள்ளலாம். மேலதிகாரி உறுதி செய்தால்தான் தீர்ப்பு செல்லும். வேலை பறிபோனால் பென்ஷனுக்கும் ஆபத்து. அப்பீல் செய்ய சென்னையிலேயே ராணுவ தீர்ப்பாயம் உள்ளது.

நானாவதி வழக்கு

செத்தவர் சிவிலியன் என்றால், போர்முனை, வெளிநாடு போன்ற இடங்கள் தவிர, கொலை வழக்கு சாதாரண கோர்ட்டுக்குத்தான் போகும். கடற்படை கமாண்டர் நானாவதி, மனைவி சில்வியாவின் காதலர் பிரேம் அகுஜாவை 1959 ஏப்ரல் 27-ந் தேதி சுட்டுக் கொன்றார். பம்பாய் செசன்ஸ் கோர்ட்டில் கணவருக்காக சில்வியாவே சாட்சி சொன்னார். ஜூரிகள் 8 பேர் 'குற்றவாளி இல்லை' என்றனர். ஐகோர்ட்டோ ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. 1964-ல் மன்னிப்பு கிடைத்து குடும்பத்தோடு கனடா போனார்.

கள்ளத்தொடர்பு

கள்ளத்தொடர்பு குற்றம் இல்லை என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் ராணுவத்தினர் மீது நடவடிக்கை எடுக்க அது தடை இல்லை என்று 2023 ஜனவரியில் அதே கோர்ட் விளக்கியது. ஆகவே ஊருக்கு ஒரு சட்டம், பட்டாளத்துக்கு ஒரு சட்டம்தான்!