பாடகர் போயிட்டா பேண்டும் போச்சா? 'இந்தியன் ஓஷன்' சொல்லும் பதில்

அமெரிக்க ராக் இசைக்குழு லிங்கின் பார்க், 2024 நவம்பர் 15 அன்று 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பத்தை வெளியிட்டது. பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017-ல் இறந்த பிறகு, புதுப் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங்குடன் அவர்கள் செய்த முதல் ஆல்பம் இது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தனர். இது பழைய லிங்கின் பார்க்கே இல்லை என்றது ஒரு பக்கம். பாட்டு நல்லாத்தானே இருக்கு என்றது இன்னொரு பக்கம்.

இதே கேள்வியை நம் நாட்டு பேண்ட் ஒன்று முன்பே சந்தித்திருக்கிறது. அதன் பெயர் இந்தியன் ஓஷன்.

குரல் மாறினா ஏன் இவ்வளவு சண்டை?

காலாப்பட்டு மாதிரி ஈ.சி.ஆர். ஓர ஊர்களின் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி பார்த்திருப்பீர்கள். போன வருஷம் எஸ்.பி.பி. பாட்டுப் பாடியவர் இந்த வருஷம் வரவில்லை என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. அந்தப் பாட்டு சினிமாவுக்குச் சொந்தம். மேடையில் யார் பாடினாலும் கைதட்டல் விழும்.

ராக் பேண்ட் அப்படி இல்லை. பாட்டை எழுதுவதும், மெட்டுப் போடுவதும், வாசிப்பதும், பாடுவதும் அதே நாலைந்து பேர்தான். அதில் ஒரு குரல் போனால் பாட்டின் சொந்தக்காரரே போன மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தியன் ஓஷன் யார்?

1990-ல் டெல்லியில் கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென்னும், அஷீம் சக்ரவர்த்தியும் தொடங்கிய குழு. அடுத்த ஆண்டு பேஸ் கிட்டாருடன் ராகுல் ராம் சேர்ந்தார். பிறகு டிரம்ஸுக்கு அமித் கிலம் வந்தார்.

இவர்களுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது 2000-ல் வந்த 'கண்டிசா' ஆல்பம். கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அரமேயிக் ஜெபப் பாடல்தான் அதன் தலைப்புப் பாட்டு. அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே' படத்துக்கு இசையும் இவர்களே.

ராகுல் ராமும் பாடுவார். ஆனாலும் குழுவின் அடையாளக் குரல் அஷீம். தபேலா வாசித்துக்கொண்டே பாடுவார்.

2009-ல் என்ன நடந்தது?

டிசம்பர் 25 அன்று அஷீம் காலமானார். காரணம் மாரடைப்பு. வயது 52.

அவர் குரலில் பதிவான பாடல்கள் கையில் இருந்தன. அவற்றை 2010-ல் '16/330 கஜூர் ரோடு' என்ற பெயரில், மாதம் ஒரு பாட்டாக, இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். கரோல் பாகில் அவர்கள் வருஷக்கணக்கில் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் முகவரி அது.

அந்த இடத்துக்கு யார் வந்தாங்க?

ஒருவர் இல்லை, இரண்டு பேர். பாட ஹிமான்ஷு ஜோஷி, தபேலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி.

அடுத்து 2014-ல் வந்த 'தந்தானு' ஆல்பத்தில் ஏழு பாடல்கள், ஏழு விருந்தினர்கள். ஷங்கர் மகாதேவன், ஷுபா முத்கல், விஷால் தத்லானியோடு நம்ம ஊர் கஞ்சிரா செல்வகணேஷும் வயலின் குமரேஷும் உண்டு. புதியவரை அஷீமோடு ஒப்பிட்டே கேட்க வேண்டிய நிலை இதனால் குறைந்தது.

ஆனால் இழப்பு அதோடு நிற்கவில்லை. 2013-ல் சுஸ்மித் சென் விலகினார். நிகில் ராவ் கிட்டாருக்கு வந்தார். 2023-ல் 'து ஹை' ஆல்பம் வந்தபோது, குழுவைத் தொடங்கிய இருவருமே அதில் இல்லை.

மற்ற பேண்டுகள் என்ன செய்தன?

ஏசி/டிசி: 1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். ஐந்தே மாதத்தில் பிரையன் ஜான்சனுடன் 'பேக் இன் பிளாக்' வந்தது. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. உலகில் அதிகம் விற்ற ஆல்பங்களில் அதுவும் ஒன்று.

குயீன்: ஃபிரெடி மெர்குரி இடத்தில் ஆடம் லாம்பர்ட் பல ஆண்டுகளாக மேடையில் பாடுகிறார். ஆனால் அவருடன் புதுப் பாடல்களோடு ஒரு ஸ்டுடியோ ஆல்பம்கூட வரவில்லை.

லிங்கின் பார்க்: ஏழு ஆண்டு காத்திருந்து, செஸ்டர் மாதிரி பாடும் ஒருவரைத் தேடாமல், ஒரு பெண் குரலைக் கொண்டுவந்தது.

அப்போ, இது பழைய பேண்டா, புது பேண்டா?

பழைய பாட்டைப் புதுக் குரலில் கேட்கும்போது ஒப்பிடாமல் இருக்க முடியாது. அதில் புதியவர் ஜெயிப்பது கஷ்டம். அவருக்கென்று எழுதிய பாட்டில்தான் அவர் யார் என்று தெரியும். புது ஆல்பம் முக்கியமாவது அதனால்தான். அது வராவிட்டால் பேண்ட் தன் பழைய பாட்டுக்கே கச்சேரிக் குழு ஆகிவிடும்.

சந்தேகம் இருந்தால் 'கண்டிசா', '16/330 கஜூர் ரோடு', 'தந்தானு', 'து ஹை' என்ற வரிசையில் கேட்டுப் பாருங்கள். அஷீம் இல்லாதது மூன்றாவது ஆல்பத்தில் கட்டாயம் உறைக்கும். நான்காவதிலும் அதே அளவு உறைக்கிறதா என்பதற்கு உங்கள் காதுதான் சாட்சி.